எதையும் மறைக்காமல் புறப்படுங்கள்

(வளைகுடாவில் பணியாற்றித் திரும்பிய மூத்த செவிலியர் ஒருவர், அண்ணாமலை நகரில் செவிலியர் மாணவியரும் சுற்றுவட்டார ஊர்ப் பெண்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சாஸ்திரி ஹால் என்று ஒரு கட்டடம் இருக்கிறது. அந்த சாஸ்திரி, வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. 1935 முதல் 1940 வரை இங்கே துணைவேந்தராக இருந்தவர். அதற்கு முன்பே, 1927இல், தென்னாப்பிரிக்காவுக்கு இந்திய அரசின் முதல் பிரதிநிதியாகப் போனவர். துணைவேந்தர் பதவியில் இருக்கும்போதே, 1936 கடைசியில் மலாயாவுக்குப் போய், தோட்டங்களில் நம் ஆட்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று பார்த்து அறிக்கை கொடுத்தார். 1938இல் கூலிக் குறைப்பில் தகராறு முற்றியதும், மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பும் ஏற்பாட்டையே அன்றைய இந்திய அரசு நிறுத்திவிட்டது.

கடல் கடந்து போகிறவரைக் காப்பாற்றத் தடுத்து நிறுத்த வேண்டுமா, தயார் செய்து அனுப்ப வேண்டுமா? அன்று எழுந்த கேள்வி இன்னும் தீரவில்லை. பெண்கள் விஷயத்தில் அது இன்னும் கூர்மையாக இருக்கிறது.

நம் பக்கத்திலிருந்து இன்று யார் யார் வெளிநாடு போகிறார்கள்? இந்தக் கல்லூரியில் படித்த நர்சுகள் போகிறார்கள். குவைத்துக்கும் சவுதிக்கும் ஓமனுக்கும் வீட்டு வேலைக்கு, அங்கே சொல்வதுபோல் ‘கத்தாமா’ வேலைக்கு, கடன்பட்ட குடும்பத்துப் பெண்கள் போகிறார்கள். மகளுக்குப் பிரசவம் பார்க்க அமெரிக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் அம்மாக்கள் போகிறார்கள். பரங்கிப்பேட்டை, லால்பேட்டைப் பெண்கள் ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போகிறார்கள். படிப்பு வேறு, வயது வேறு, பை வேறு. ஆனால் இவர்களில் சிக்கலில் மாட்டியவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் என்ற முறையில் ஒன்று சொல்வேன். பெரும்பாலும் இங்கே புறப்படும்போது எதை மறைத்தார்களோ, அதுதான் அங்கே அவர்களைக் கவிழ்த்தது. வயதை மறைத்தார்கள், வியாதியை மறைத்தார்கள், போகிற காரணத்தை மறைத்தார்கள். போன பிறகு, படுகிற பாட்டையும் மறைத்தார்கள். அவர்களாக மறைத்தது பாதி; மறைக்கச் சொல்லிக் கொடுத்தது மீதி.

முதலில் வீட்டு வேலைக்குப் போகிறவர்களைப் பற்றிச் சொல்கிறேன். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட் ‘ஈ.சி.ஆர்.’ வகை. வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி இவர்கள் தனி அனுமதி பெற வேண்டும். பெண்ணாக இருந்தால் 30 வயது நிறைந்திருக்க வேண்டும். 2016 முதல், இந்தப் பெண்களை வேலைக்கு எடுப்பது அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் நடக்க வேண்டும் என்றும் விதி வந்தது. தமிழ்நாட்டில் அதற்கு 1978இல் தொடங்கிய அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. சென்னையில் அலுவலகம்.

விதி நல்ல நோக்கத்தில் போடப்பட்டது. ஆனால் 26 வயதில் கணவனை இழந்து, மகளிர் குழுக் கடனும் கந்துவட்டியும் கழுத்தை நெரிக்க நிற்கும் பெண்ணிடம் இந்த விதி என்ன சொல்கிறது? நாலு வருஷம் கழித்து வா என்கிறது. அந்த நேரத்தில் சப்-ஏஜென்ட் வந்து திண்ணையில் உட்காருகிறான். “அக்கா, விசிட் விசாவில் துபாய் போய்விடு, அங்கிருந்து மாற்றிக்கொள்ளலாம்” என்கிறான். ஏர்போர்ட்டில் கேட்டால் தங்கச்சியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லச் சொல்லிப் பாடம் நடத்துகிறான். கதவைச் சாத்திவிட்டோம் என்று அதிகாரி நினைக்கிறார். பெண் பக்கவாசல் வழியாகப் போய்விடுகிறாள். அப்படிப் போனவளுக்கு அரசிடம் பதிவு கிடையாது, பதிவான ஒப்பந்தம் கிடையாது, காப்பீடு கிடையாது. முறையாகப் போயிருந்தால் ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ காப்பீடு கட்டாயம். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய். விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ 10 லட்சம். பக்கவாசலில் போகிறவள் ஏஜென்டுக்குக் கொடுக்கிற தொகையில் இது கால்தூசு.

வயதை மாற்றிக் காட்டுவதால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையிலிருந்து ஓர் உண்மைச் சம்பவம். மூதூரைச் சேர்ந்த ஏழைப் பெண். பிறந்தது 1988இல், பாஸ்போர்ட்டில் 1982 என்று போட்டு 2005இல் சவுதிக்கு அனுப்பினார்கள். போன சில நாட்களில் அவள் பொறுப்பில் இருந்த கைக்குழந்தை இறந்தது. பால் புட்டியில் புகட்டும்போது மூச்சுத் திணறியது என்று அவள் சொன்னாள். கொலை என்றது வழக்கு. அவளுக்கு அப்போது 17 வயது, அவள் சிறுமி என்று உலகமெங்கும் இருந்து மனுக்கள் போயின. கையிலிருந்த பாஸ்போர்ட் அவளைப் பெரியவள் என்று காட்டியது. 2013 ஜனவரி 9 அன்று மரண தண்டனை நிறைவேறியது. ஆறு வருடத்தைக் கூட்டிப் போட்டவர்கள் யாரும் அந்தத் தண்டனைக் களத்தில் நிற்கவில்லை. அதன் பிறகுதான் சவுதிக்குப் போகும் பணிப்பெண்ணின் குறைந்தபட்ச வயதை இலங்கை 25 ஆக உயர்த்தியது.

2015இல் ரியாத்தில் வேலூர் மாவட்டத்துப் பெண் ஒருவர் கையை இழந்த செய்தி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வெளியுறவு அமைச்சரே தலையிட வேண்டி வந்தது. இவற்றைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. எத்தனையோ பெண்கள் நல்லபடியாக வேலை பார்த்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, கான்கிரீட் வீடு கட்டித் திரும்பியிருக்கிறார்கள். இரண்டு வகையினரையும் நான் பார்த்திருக்கிறேன். தைரியம் இரண்டு வகையினரிடமும் இருந்தது. நல்லபடி திரும்பியவர்களிடம் பெரும்பாலும் காகிதமும் இருந்தது.

காகிதம் என்றால் என்னென்ன? ஒப்பந்தத்தில் முதலாளி பெயர், ஊர், சம்பளம், வேலை நேரம், விடுமுறை இருக்க வேண்டும். பத்து வரி என்றாலும் யாரிடமாவது படிக்கக் கொடுத்துப் பொருள் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். ஏஜென்டின் உரிம எண்ணை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தட்டிப் பார்க்கலாம். நம் பிள்ளைகள் போனிலேயே பார்த்துச் சொல்வார்கள். சட்டப்படி ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும். அதற்கு மேல் கேட்டால் எங்கே ரசீது என்று கேளுங்கள். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றையும் போட்டோ எடுத்து வீட்டில் இருவர் போனிலாவது வைத்துவிட்டுப் போங்கள். குவைத்தில் 2015இலும், கத்தார், அமீரகத்தில் 2017இலும் வீட்டுப் பணியாளருக்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. வாரத்தில் ஒருநாள் ஓய்வு அதில் உண்டு. பணிப்பெண்ணின் பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கிப் பூட்டி வைப்பதும் அங்கே சட்டப்படி தப்பு. நடைமுறையில் பூட்டத்தான் செய்கிறார்கள். ஆனால் தப்பு என்று தெரிந்தவளிடம் பேசுகிற விதம் கொஞ்சம் மாறும்.

அடுத்தது மெடிக்கல். வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு எக்ஸ்ரே, ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்ப்பார்கள். பழைய காசநோய்த் தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்தாலே ‘அன்ஃபிட்’ ஆகலாம். மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி., கர்ப்பம் எல்லாம் பார்ப்பார்கள். மாதவிலக்கு தள்ளிப் போயிருந்தால் எக்ஸ்ரே அறைக்குள் போகுமுன் வெட்கப்படாமல் சொல்லுங்கள். வயிற்றுப் பிள்ளைக்குக் கதிர் படக்கூடாது. இங்கே எப்படியோ தப்பித்துப் போனாலும் அங்கே இறங்கியதும் மறுபடி பார்ப்பார்கள். சிங்கப்பூரில் வீட்டுப் பணிப்பெண்ணுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை உண்டு. திருப்பி அனுப்பினால் கடன் மட்டும் நம் வீட்டு வாசலில் நிற்கும்.

அதே சிங்கப்பூரில் 2012 முதல் ஒரு விதி. மாடி வீட்டு ஜன்னலின் வெளிப்பக்கத்தைப் பணிப்பெண் துடைக்க வேண்டுமென்றால் கம்பிக் கதவு பூட்டியிருக்க வேண்டும். வீட்டுப் பெரியவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். ஜன்னல் துடைக்கும்போது விழுந்து பெண்கள் இறந்த பிறகு வந்த விதி அது. நம் ஊரில் மாடியில் வேலை செய்து பழகாத பெண், எம்பி நின்று துடைத்தால் நல்ல பெயர் கிடைக்கும் என்று நினைப்பாள். அப்படிச் செய்யக்கூடாது என்று அந்த நாட்டு அரசே சொல்கிறது என்பதை அவளிடம் யார் சொல்வது?

குவைத்தில் நான் வேலை பார்த்த வார்டில் நம் கடலோரத்துப் பெண் ஒருத்தி காய்ச்சலும் இடுப்பு வலியுமாக வந்து சேர்ந்தாள். கூட வந்த வீட்டு முதலாளி மேடம்தான் டாக்டரிடம் பேசினாள். இவள் தலை குனிந்து நின்றாள். ஊசி போடுகிற சாக்கில் நான் தமிழில், “ஏம்மா, ஒண்ணுக்குப் போனா எரியுதா?” என்று கேட்டேன். கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். மொட்டை மாடி அறையில் தங்க வைத்திருந்தார்கள். பாத்ரூம் இரண்டு மாடி கீழே. ராத்திரி இறங்கி வரப் பயம். அந்த வீட்டில் ஓர் ஆள் சரியில்லை. அதனால் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை. அந்த ஊர் வெயிலில் அப்படிப் பல மாதம் இருந்தால் சிறுநீர்த் தொற்று சிறுநீரகத்துக்கே ஏறிவிடும், ஏறியிருந்தது. என் எதிரே உட்கார்ந்து ஊருக்குப் போன் செய்தபோது அவள் சொன்னது, “நல்லாத்தான் இருக்கேன், சாப்பாடெல்லாம் நல்லா குடுக்குறாங்க.”

மாணவிகளே, பாடப் புத்தகத்தில் சிறுநீர்த் தொற்றுக்குக் காரணம் கிருமி என்று இருக்கும். அந்தப் பெண்ணின் நோய்க்குக் காரணம் தாழ்ப்பாள் இல்லாத ஒரு கதவு. நாளைக்கு நீங்கள் எந்த நாட்டு வார்டில் நின்றாலும், கூட வந்தவரை வெளியே அனுப்பிவிட்டு ஒரு நிமிஷம் நோயாளியிடம் தனியாகப் பேசுங்கள்.

இப்போது பெட்டி. சமையல் சாமான் கட்டும்போது அம்மா ஒரு கசகசாப் பொட்டலத்தையும் வைத்துவிடுவாள். குருமாவுக்கு இங்கே அது மசாலா. அமீரகம், சவுதி, கத்தார், சிங்கப்பூரில் அது போதைச் செடியின் விதை, தடை செய்யப்பட்ட பொருள். மாத்திரையும் அப்படியே. தூக்கத்துக்குப் போடும் அல்பிரசோலம், வலிக்குப் போடும் டிராமடால், கோடீன் கலந்த இருமல் சிரப் எல்லாம் வளைகுடாவில் கட்டுப்பாட்டுக்குள் வருபவை. டாக்டர் சீட்டு இல்லாமல் எடுத்துப் போனால் சுங்கச் சோதனையில் குற்றவாளி ஆவீர்கள். அமீரகத்துக்கு முன்அனுமதியே வேண்டும். எந்த மாத்திரையானாலும் கடை அட்டையோடு, மருந்தின் மூலப்பெயர் எழுதிய சீட்டோடு இருக்கட்டும். “எங்க வீட்டுக்காரர்கிட்ட இந்த ஊறுகாயைக் குடுத்துடுங்க” என்று ஏர்போர்ட்டில் பார்சல் நீட்டுகிறவர் சொந்தக்காரராகவே இருந்தாலும், பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். உங்கள் பெட்டியில் இருப்பதெல்லாம் உங்களுடையது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

பிரசவம் பார்க்கப் போகிற அம்மாக்களுக்கு வருகிறேன். அறுபதைத் தொட்ட வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி எல்லாம் இருக்கும். பயணக் காப்பீட்டு விண்ணப்பத்தில் “ஏதாவது நோய் உண்டா?” என்ற இடத்தில் மகன், பிரீமியம் கூடுமே என்று “இல்லை” என்று போட்டுவிடுவான். அமெரிக்காவில் நெஞ்சுவலி என்று எமர்ஜென்சிக்குப் போய் இரண்டு ராத்திரி படுத்தால் பில் லட்சக்கணக்கில் வரும். காப்பீட்டுக் கம்பெனி பழைய மருந்துச் சீட்டைக் கேட்கும். மறைத்தது தெரிந்தால் கையை விரித்துவிடும். உள்ள நோயைச் சொல்லி, அதற்கும் சேர்த்துக் கிடைக்கிற பாலிசியை எடுங்கள்.

இன்சுலின் போடுகிறவர்கள் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். விமானத்தின் அடியில் போகிற பெட்டியில் உறைந்து கெட்டுவிடலாம். நேரம் பத்து பன்னிரண்டு மணி மாறுகிற ஊருக்குப் போகும்போது எந்த வேளை எவ்வளவு யூனிட் என்று புறப்படுமுன் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் கால் ரத்தக் குழாயில் ரத்தம் கட்டும் அபாயம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு சொல்கிறது. கர்ப்பிணிகள், கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு இன்னும் அதிகம். பக்கத்து சீட்காரர் தூங்குகிறாரே என்று கூச்சப்பட்டு உட்கார்ந்தே இருக்காதீர்கள். எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள், கணுக்காலை ஆட்டுங்கள். இறங்கிய சில நாட்களில் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ, எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கர்ப்பிணிகளிடம் பெரும்பாலான விமான நிறுவனங்கள் 28 வாரத்துக்கு மேல் டாக்டர் கடிதம் கேட்கின்றன. 36 வாரத்துக்கு மேல் ஏற்றுவதில்லை. வாரத்தைக் குறைத்துச் சொல்லி ஏறினால் நடுவானில் மருத்துவச்சி கிடைக்கமாட்டாள்.

ஹஜ் போகிறவர்களுக்கும் இதே கதைதான். 2018 முதல், 45 வயதைக் கடந்த பெண்கள் மஹ்ரம் எனப்படும் நெருங்கிய ஆண் உறவினர் துணை இல்லாமல் குழுவாகச் செல்ல இந்தியா வழி செய்தது. நல்ல காரியம். மூளைக்காய்ச்சல் தடுப்பூசியைப் பத்து நாளாவது முன்னதாகப் போட்டுக்கொள்ள வேண்டும். 2024 ஹஜ்ஜில் கடும் வெயிலில் 1,301 பேர் இறந்தார்கள் என்று சவுதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 சதவீதம் பேர் பதிவு செய்யாமல் வந்தவர்கள். பதிவு இல்லாதவருக்குக் குளிர்சாதனக் கூடாரம் இல்லை, பஸ் இல்லை. வெயிலில் நெடுந்தூரம் நடந்தார்கள். வீட்டு வேலைக்கு விசிட் விசாவில் போன பெண்ணுக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

நர்சுகளே, நீங்கள் படித்தவர்கள், உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்காதீர்கள். 2015 முதல், பாஸ்போர்ட் எந்த வகையானாலும் அந்த 18 நாடுகளுக்குப் போகும் நர்சுக்கு அரசு வழி ஆளெடுப்பும் குடிபெயர்வு அனுமதியும் கட்டாயம் என்று வந்ததற்குக் காரணம், ஏஜென்டுகள் ஒரு நர்சிடம் பல லட்சம் வாங்கியதுதான். பிரிட்டனில் ஆளெடுப்பு நெறிமுறைப்படி வேலை தேடுகிறவரிடம் கட்டணமே வாங்கக்கூடாது. அங்கே முதியோரைக் கவனிக்கும் ‘கேர்’ வேலைக்கு வெளிநாட்டு ஆள் எடுப்பதை 2025 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள். இன்றும் அந்த விசாவை விற்கிறவர் இருந்தால் அவர் விற்பது வெறும் காற்று. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம் இளைஞர்களை அழைத்துப் போய் மியான்மரின் மியாவாடியில் அடைத்து வைத்ததை 2022இல் தமிழ்நாடே பார்த்தது. இன்னொன்று: தவறி ஊசி நம் கையிலேயே குத்திவிடுவது நம் தொழிலோடு பிறந்தது. மஞ்சள் காமாலை பி தடுப்பூசிக்கு மூன்று தவணை, முடிய ஆறு மாதம். விசா வந்த பிறகு ஓடாமல் படிக்கும்போதே முடித்துக்கொள்ளுங்கள்.

போன பிறகு என்ன செய்வது? வீட்டில் முதலாளி முன்னால்தான் போன் பேச வேண்டியிருக்கும். அந்த வீட்டு டிரைவருக்குத் தமிழ் தெரிந்திருக்கலாம். ஆகவே புறப்படுமுன் குடும்பத்தோடு ஒரு வார்த்தை பேசி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாத ஒரு பெரியம்மாவைப் பற்றி, “பெரியம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கு?” என்று கேட்டால், நான் ஆபத்தில் இருக்கிறேன் என்று பொருள். அந்தக் கேள்வி வந்ததும் வீட்டார் செய்ய வேண்டியது: தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் உதவி எண் 1800 309 3793, மத்திய அரசின் உதவி எண் 1800 11 3090, இரண்டையும் அழைப்பது. வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ தளத்தில் புகார் பதிந்து எண் வாங்குவது. அந்தந்த நாட்டு அவசர எண்ணையும் மனப்பாடம் செய்யுங்கள்: குவைத்தில் 112, அமீரகத்திலும் கத்தாரிலும் சிங்கப்பூரிலும் போலீசுக்கு 999, ஓமனில் 9999. பாஸ்போர்ட் இல்லாமலும் இந்தியத் தூதரகம் ‘அவுட் பாஸ்’ கொடுத்து ஊருக்கு அனுப்ப முடியும். ஆகவே பாஸ்போர்ட் கையில் இல்லையே என்று அடைபட்டுக் கிடக்க வேண்டியதில்லை. ஓடி வந்தவள் என்று முதலாளி முந்திக்கொண்டு புகார் கொடுத்தால் சவுதியில் அதை ‘ஹுரூப்’ என்பார்கள், வழக்காகிவிடும். அதனால் வெளியேற நேர்ந்தால் தெருவில் யாரோ தருகிற வேறு வேலையை நம்பாமல் நேரே தூதரகம் போக வேண்டும்.

ஆண்களே, பெரியவர்களே, கொஞ்சம் கடுமையாகப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண் அழுது போன் பண்ணும்போது நாம் வழக்கமாகச் சொல்வது என்ன? “ரெண்டு வருஷம்தானே, பல்லைக் கடிச்சிக்கிட்டு இரு.” இதைவிட ஆபத்தான அறிவுரையை நான் கேட்டதில்லை. கடன் அடையவில்லையே என்ற கவலை நியாயம்தான். ஆனால் அவள் கேட்டது யோசனை இல்லை, உதவி. இன்னொன்று: திரும்பி வந்த பெண்ணை, “அங்க என்ன நடந்துச்சோ” என்று ஜாடையாகப் பேசுகிற வாய்கள் நம் தெருவில் இருக்கின்றன. அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பலபேர் அடி வாங்கிக்கொண்டே அங்கே இருக்கிறார்கள்.

தடுப்பதா, தயார் செய்வதா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். 30 வயது விதியை நாளைக்கே எடுத்துவிடச் சொல்லவில்லை. ஆனால் விதி மட்டும் இருந்து, விசாரிக்க ஓர் இடம் இல்லாவிட்டால், அது ஏஜென்டுக்குத்தான் வியாபாரம். சென்னையில் அலுவலகம் இருப்பது கிள்ளை போன்ற ஊரில் இருக்கிறவளுக்கு இல்லாத மாதிரிதான். அவள் மறைக்காமல் பேசுவதற்கு, நடந்து போகிற தூரத்தில் ஓர் ஆள் வேண்டும்.

அதற்குப் பெரிய திட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நம் ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது. அந்த நாளில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி போதும். இங்கே படிக்கும் செவிலியர் மாணவி ஒருத்தி ஒரு நாற்காலியில். இ-சேவை மையம் நடத்துகிற பெண் இன்னொன்றில். வெளிநாடு புறப்படுகிறவர் யாராக இருந்தாலும் வந்து உட்காரட்டும். ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லுங்கள், ஏஜென்ட் எண்ணைத் தட்டிப் பாருங்கள், மருந்துச் சீட்டைப் பாருங்கள், எந்த ஊர், எந்த முதலாளி, என்ன நம்பர் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பேராசிரியர்களே, இதை மாணவியரின் சமூகநலச் செவிலியர் பயிற்சியில் சேர்க்க முடியுமா என்று யோசியுங்கள். தாய்மார்களே, வருகிற கிராமசபையில் நீங்களே எழுந்து இதைக் கேளுங்கள். ஊராட்சித் தலைவர் ‘ஆகட்டும்’ என்றால் போதாது, தீர்மானப் புத்தகத்தில் எழுதியதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.